காலி அட்டை மாமா

துல்கர்னைன் பில்லை நம்ப மாட்டார். ரிப்போர்ட்டை நம்ப மாட்டார். டாக்டர் கையெழுத்தின் மேல் சீல் விழுந்திருந்தால் அந்தச் சீலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவர் நம்புவது ஒன்றைத்தான். மாத்திரை தின்று தீர்ந்த காலி அட்டை.

தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினேழு வீடுகளில் அவருக்காகக் காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே அட்டைக்கட்டு மேசைக்கு வந்துவிடும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘காலி அட்டை மாமா’. அது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. வளைகுடாவில், தம்மாமில் இருபத்தேழு வருஷம் ஏசி உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே அவருக்கு இதைவிட மோசமான பெயர்கள் இருந்தன.

அந்த ஸ்டோரில் அவர் வைத்திருந்த சட்டம் இது: பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து கொடு, புதியதை வாங்கிக்கொண்டு போ. பழையது இல்லையென்றால் புதியது இல்லை. மெக்கானிக்குகள் திட்டினார்கள், மானேஜர் பாராட்டினார். ஊருக்குத் திரும்பியபோது சூட்கேஸோடு அந்தச் சட்டமும் கூடவே வந்தது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இருநூற்று அறுபது பேர் சேர்ந்து ‘சாரல் உதவிக் குழு’ என்று வாட்ஸப்பில் ஒன்று நடத்துகிறார்கள். ஆளுக்கு மாதம் இருபது திர்ஹம், முப்பது ரியால். ஊரில் வைத்தியத்துக்கு வழியில்லாதவர்களுக்கு அந்தப் பணம் போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன், செத்துப்போன யாருடைய கிட்னி ரிப்போர்ட்டிலோ தன் பெயரை ஏற்றி அனுப்பினான். இரண்டே நாளில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சேர்ந்தது. அடுத்த சீசனுக்கு அவன் குற்றாலத்தில் சிப்ஸ் கடை போட்டான். விடுமுறைக்கு வந்திருந்த குழு உறுப்பினர் ஒருவருக்கே கால் கிலோ நிறுத்துக் கொடுத்து, சில்லறை இல்லை என்று நாலு ரூபாயையும் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் குழுவை நடத்தும் ஹுஸைஃபா துபாயிலிருந்து துல்கர்னைனை அழைத்து, இனி நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத ஓர் ஆள் வேண்டும் என்றான்.

ஆள் பொருத்தமாகத்தான் அமைந்தார். வீட்டில் மனைவி நூருன்னிசா தன் பிரஷர் மாத்திரை அட்டையை அவ்வப்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

“இந்தாங்க, பத்தும் தின்னாச்சு. துபாய்க்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்க.”

அவர் சிரிக்காமல் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த ரிப்போர்ட்டின் அடியிலும் ‘பார்வையிட்டேன்’ என்று மட்டும்தான் எழுதுவார். ‘பொறுப்பேற்கிறேன்’ என்ற சொல் அவர் பேனாவில் வராது. தம்மாமில் ஒரே அறையில் கூட இருந்த ஒருவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் விமானம் ஏறிப் போய்விட்டான். பதினாலு மாதம் இவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றோடு அந்தக் கையெழுத்தை நிறுத்தியவர்தான்.

சனோபரின் விண்ணப்பம் மே கடைசியில் வந்தது. வயது நாற்பத்திரண்டு, குத்துக்கல்வலசை. ரத்தப் புற்றுநோய். தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் நிற்கும் வகை. மாதம் மூன்று அட்டை, எட்டாயிரத்து ஐநூறு ரூபாய். கணவர் பரீது, வளைகுடாவில் ஜுபைல் நகரில் வேலை.

கடைசி வரியைப் படித்ததும் துல்கர்னைன் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

வீட்டைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. மாடி வீடு. வாசற்படியில் கிரானைட், பால்கனியில் எவர்சில்வர் கம்பி. உள்ளே போனால் கூடம் காலியாகக் கிடந்தது. சுவரில் ஏசி இருந்த இடத்தில் வெளுத்த ஒரு நீளச் சதுரமும் நாலு ஓட்டையும். மூலையில் ஃபிரிட்ஜின் கால்கள் தரையில் விட்டுப்போன துருவட்டங்கள். டிவிக்கு அடித்த இரும்புத் தாங்கியில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிமாலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏசி எங்கம்மா?”

“சர்வீஸுக்குப் போயிருக்கு மாமா.”

சர்வீஸுக்குப் போகும் ஏசி, மொட்டைமாடியில் நிற்கும் ஸ்டாண்டையும் கழற்றிக்கொண்டா போகும்? அவர் படி ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டாண்டும் இல்லை. ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்ததும் உபரிச் சரக்கைப் பக்கத்துக் கம்பெனிக்கு நகர்த்தி வைக்கிற ஸ்டோர் கீப்பர்கள் பலரை அவருக்குத் தெரியும். இங்கும் யாரோ அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

கல்லூரிக்குப் போகும் மகள் நஸீபா தேநீர் கொண்டுவந்தாள். அவளுக்குக் கடையநல்லூரில் சம்பந்தம் பேசி முடித்திருப்பதாகவும், நோன்புக்கு முன்னால் கல்யாணம் என்றும் சனோபர் சொன்னாள். சனோபரின் முகம் வெளிறி, கண்களைச் சுற்றி வீங்கியிருந்தது. மாத்திரையால் அப்படி வீங்கும் என்று டாக்டர் சொன்னாராம். அரசாங்கக் காப்பீட்டுக்கு ஏன் எழுதிப் போடவில்லை என்று துல்கர்னைன் கேட்டார். போடணும் மாமா என்றவள் தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் மாதம் அனுப்புகிறாரா என்று கேட்டபோதும் தரையைத்தான் பார்த்தாள்.

அவர் குறித்துக்கொண்டார்: ‘கணவர் வெளிநாட்டில். வருமானம் மறைக்கப்படுகிறதா?’ கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்திப் போட்டார்.

ஆனாலும் திருநெல்வேலி டாக்டரின் ரிப்போர்ட் அசல்தான். அதை இரண்டு வழியில் விசாரித்துவிட்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

“மூணு மாசம் பாப்போம். அதுக்கு மேல நான் உறுதி சொல்ல மாட்டேன். மாசக் கடைசில காலி அட்டை மூணும் கைல இருக்கணும்.”

ஜூனில் இருந்தது. ஜூலையிலும் இருந்தது. குழுவில் மட்டும் முணுமுணுப்பு ஓயவில்லை. கிரானைட் படிக்காரிக்கு நாம் எதற்கு இருபது திர்ஹம் போட வேண்டும் என்று ஒருவர் குரல் செய்தி அனுப்பினார். மூன்று மாதம் முடிகிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்தலாமா தொடரலாமா என்று முடிவாக எழுதிவிடுங்கள் மாமா என்றான் ஹுஸைஃபா.

ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை. சனோபர் மூன்று அட்டைகளை மேசைமேல் வைத்தாள். துல்கர்னைன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடப் பத்து நொடி ஆயிற்று.

தினம் ஒன்றாகத் தின்கிற அட்டை எப்படி இருக்கும் என்று பதினேழு வீட்டிலும் பார்த்தவர் அவர். பையில் கசங்கும், நடுவில் மடியும், ஒரு குழி நேராகக் கிழிந்தால் அடுத்தது கோணலாகக் கிழியும், சிலது எண்ணெய்க் கறையோடு வரும். இந்த மூன்றும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன. முப்பது குழியும் ஒரே பக்கம், ஒரே அழுத்தத்தில் திறந்திருந்தன. ஒரே இருப்பில் உட்கார்ந்து யாரோ முப்பதையும் பிதுக்கி எடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் வீக்கம் வற்றியிருந்தது.

அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரை நேராக நம்பிராஜனின் மருந்துக்கடைக்கு விட்டார். நம்பிராஜன் முப்பது வருஷமாகத் தென்காசியில் மருந்து விற்பவர். பாட்ச் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதமும் தன் கடையில்தான் வாங்கியிருக்கிறாள் என்றார். பிரித்த மாத்திரையை யாராவது விலைக்கு வாங்குவார்களா என்று துல்கர்னைன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பாய், உங்க மூளைக்கு ஒரு காலி அட்டை கேக்கணும். பிரிச்ச மாத்திரைய எவன் வாங்குவான்? பட்டாணியா அது?”

அப்படியானால் மாத்திரை எங்கே போகிறது? அன்று மாலையே ஹுஸைஃபாவின் போன் வந்தது. குழுவில் ஒருவருடைய தங்கச்சி, சனோபரை மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் காலையில் முதல் மினிபஸ்ஸிலேயே குற்றாலத்துக்கு ஏறக் கண்டிருக்கிறாளாம். நோயாளிக்கு அருவிக்கரையில் வாராவாரம் என்ன வேலை?

மறுநாள் ஞாயிறு. மேலகரத்திலேயே வண்டிகள் நகராமல் நின்றன. மெயின் அருவிக்குப் போகும் ரோட்டில் ஈரத் துண்டும் எண்ணெய் பூசிய முதுகுமாக ஜனம் நெரிந்தது. சாரல் விட்டு விட்டு விழுந்தது. துல்கர்னைனின் தோள்பையில் பதினேழு வீட்டுக் காகிதமும் இருந்தது. அது நனையாமல் கூட்டத்துக்குள் போக முடியாது. துண்டு, எண்ணெய், சோப்பு விற்கும் கடை ஒன்றின் ஓரத்தில், குளிக்கப் போகிறவர்களின் பைகளை வாங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு முகத்தை மூடிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பைக்குப் பத்து ரூபாய் என்று அட்டைப்பெட்டியில் எழுதி வைத்திருந்தது. பையைக் கொடுத்தார். அவள் ஒரு கணம் தயங்கி வாங்கினாள்.

ஒன்றரை மணி நேரம் தேடினார். பெண்கள் வரிசை, சன்னதி பஜார், கார் நிறுத்துமிடம், மங்குஸ்தான் விற்கும் வண்டிகள். இரண்டு பேரைத் தவறாகப் பின்தொடர்ந்து, அதில் ஒருத்தியின் புருஷனிடம் முறைப்பும் வாங்கினார். சனோபர் இல்லை. நனைந்து திரும்பி வந்து டோக்கனை நீட்டினார். அவருடைய பை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்தது. பத்து ரூபாயை எடுத்தார்.

“உங்ககிட்ட வாங்க மாட்டேன் மாமா.”

குரல் தெரிந்தது. பிறகு, துணிக்கு மேலே தெரிந்த வீக்கம் வற்றிய கண்ணும் தெரிந்தது.

“சனோபரா?”

“பேரச் சொல்லாதிய. கடையநல்லூர்லருந்து வேன் வேனா வந்து எறங்குதாவ.”

துல்கர்னைனுக்கு அங்கேயும் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். “முப்பது மாத்திரையையும் ஒரே நாள்ல எதுக்குப் பிதுக்குன?”

அவருக்குப் பின்னால் ஒருவன் டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் அவனுடைய பையை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள். “நாளைக்கு வீட்டுக்கு வாங்க. காட்டுதேன்.”

ராத்திரிக்குள் எதையாவது மாற்றி வைத்துவிடுவாளோ என்ற எண்ணம் வீடு வரைக்கும் அவரோடு வந்தது.

திங்கட்கிழமை அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, சமையலறைப் பரணிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்தாள். பரீது எப்போதோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வட்ட டப்பா. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பரணுக்குப் பின்சுவர் சாரலில் ஊறிக் கறுத்திருந்ததை அவர் கவனித்தார். அவள் டேப்பை உரித்துத் திறந்தாள்.

மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். சிலது விளிம்பு உதிர்ந்து தூளாகியிருந்தது.

“போன மாசம் திங்கதுக்குத் தனியா எடுத்துட்டு மூடுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

துல்கர்னைன் அவற்றைக் காகிதத்தில் கொட்டி எண்ணினார். கை தானாகவே எண்ணியது. நாற்பத்து நாலு. வாங்கியது தொண்ணூறு. மூன்று மாதத்துக்குத் தொண்ணூற்றிரண்டு நாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் தின்றிருந்தால் நாற்பத்தாறு தீர்ந்து நாற்பத்து நாலு மிஞ்ச வேண்டும். ஒரு மாத்திரை கூடக் குறையவில்லை. வாழ்நாளில் அவர் எடுத்த கணக்குகளில் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனது குறைவு. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். பரீதுக்கு வேலை போய் எட்டு மாதம். அறையில் சும்மா கிடக்கிறார், ஊருக்கு வர டிக்கெட்டுக்கும் வழியில்லை. ஏசியையும் ஃபிரிட்ஜையும் உள்ளூரில் விற்றால் தெரிந்துவிடும் என்று சங்கரன்கோவில் ஆளுக்கு விற்றாள். காப்பீட்டுக்கு எழுதிப் போட வருமானச் சான்று வேண்டும். அதற்குப் புருஷனுக்கு வேலையில்லை என்று ஊரில் நாலு பேர் சொல்ல வேண்டும். அது கடையநல்லூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போக எத்தனை நேரமாகும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையையும் அவள் எடுக்கவில்லை.

“நீங்க மூணு மாசம்னு சொன்னிய. அதுக்கு மேல உறுதி இல்லன்னிய. மூணு மாசத்து மாத்திரைய ஆறு மாசமாக்கலாம்னு பாத்தேன். கல்யாணம் வரைக்கும் நின்னாப் போதும்னு.”

“அதுக்கு ஏன் பிரிக்கணும்? அட்டையோட வச்சிருந்தா ஆறு மாசம் என்ன, ஆறு வருசம் கெடாதே.”

சனோபர் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“பிரிக்காம வச்சா உங்களுக்குக் காலி அட்டை எங்கன போயி வாங்க மாமா?”

நஸீபா வாசலில் வந்து நின்றாள். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். சனோபர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டு போய் என்ன எழுதப் போகிறார் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

நம்பிராஜன் மாத்திரையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கொடுக்கிறதுக்குச் சும்மா இருக்கலாம் பாய் என்றார். புதன்கிழமை திருநெல்வேலி டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனது நூருன்னிசா. ரத்தத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது. இனி ஒரு நாளும் விடக்கூடாது, விட்டு விட்டுச் சாப்பிட்டால் இந்த மாத்திரையே உடம்பில் வேலை செய்யாமல் போய்விடும், அதற்கு அடுத்த மாத்திரை இதைவிடப் பத்து மடங்கு விலை என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டு வந்த சனோபர், பஸ்ஸில் நூருன்னிசாவிடம் கேட்டது ஒரே கேள்வி: நிறுத்தச் சொல்லி எழுதிட்டாவளா மாமி?

வியாழக்கிழமை துல்கர்னைன் ஹுஸைஃபாவிடம் நடந்ததைச் சொன்னார். பரீதின் வேலை போன விஷயத்தை மட்டும் குழுவில் போடக்கூடாது என்றார். பிறகு, ஒரு வருஷத்துக்கு உறுதி கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

“மூணு மூணு மாசமாத்தான் நீட்ட முடியும் மாமா. வருசக்கணக்குல யாருக்கும் உறுதி குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குல்லா. நீங்க போட்ட ரூல்தான்.”

வெள்ளி தொழுகை முடிந்ததும் நம்பிராஜன் கடையில் மூன்று அட்டை வாங்கினார். குழுப் பணம் வரக் காத்திருக்கவில்லை, சொந்தப் பணம். பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். குத்துக்கல்வலசையில் மேசைமேல் அட்டைகளை வைத்து, இன்றிலிருந்து தினம் ஒன்று, குழு இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறது என்றும், காப்பீட்டுக்கு வருமானச் சான்று வேலையை விஷயம் வெளியே தெரியாமல் தானே பார்ப்பதாகவும் சொன்னார்.

சனோபர் அட்டையைத் தொடவில்லை.

“அந்த மூணு மாசத்துக்கு அப்பறம்?”

“பாப்போம்.”

“போன தடவையும் பாப்போம்னுதான் சொன்னிய.”

“காப்பீடு வந்துரும்.”

“வரலன்னா?”

அவள் உள்ளே போய் நஸீபாவின் நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஒரு வருசத்துக்கு மாத்திரை நிக்காதுன்னு எழுதிக் குடுங்க. வாய்ப்பேச்ச நம்பி நான் தின்ன மாட்டேன். டப்பா வேற வச்சிருக்கேன்.”

துல்கர்னைன் பேனாவை எடுத்தார். வழக்கப்படி சிவப்புதான் கைக்கு வந்தது, அதை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தார். எட்டாயிரத்து ஐநூறைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தார். தம்மாமில் பதினாலு மாதம் பிடித்த சம்பளம் நினைவுக்கு வந்தது. அவனாவது விமானம் ஏறிப் போனான். இவள் எங்கே போவாள் என்று நினைத்தார், உடனே அந்த நினைப்பைத் தள்ளினார். இவள் இப்போது சொல்வதும் உண்மைதானா என்று கடைசியாக ஒரு தடவை மனம் துழாவியது. நாற்பத்து நாலு என்ற எண்ணில் போய் முட்டி நின்றது.

எழுதினார். பன்னிரண்டு மாதம். குழு கொடுக்காத மாதத்தில் தானே கொடுப்பதாக. அடியில் ‘பார்வையிட்டேன்’ என்று கை ஓடியது. அதை அடித்துவிட்டு ‘பொறுப்பேற்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனோபர் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். இரண்டு தடவை படித்தாள். திரும்பி வந்து மேசைமேல் வைத்தாள்.

“தேதி போடலியே மாமா.”

போட்டார். அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அட்டையை எடுத்து ஒரு குழியைப் பிதுக்கினாள். கோணலாகக் கிழிந்தது. நஸீபா கொண்டுவந்த தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினாள்.

துல்கர்னைன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். ஆனால் வாசலுக்குத் திரும்பவில்லை. அவர் கண் அவள் தொண்டையில் இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

“வாயத் தெறந்து காட்டணுமா?”

“வேண்டாம்மா” என்றார். ஆனாலும் தொண்டை அசைந்து இறங்கும் வரை நின்றுவிட்டுத்தான் போனார்.